குடியரசுத் தலைவர் தேர்தலில் நம் ஓட்டு எங்கே?

சென்ற மாதம் துடியலூர்ப் பகுதியிலுள்ள ஒரு சங்கத்தின் மகாசபைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு, ஆட்சேபணைகளுக்கு விளக்கம் கூறப்பட்டு, கூட்டம் முடியும் தறுவாயில் முதிய நெசவாளர் ஒருவர் எழுந்து நின்றார். நாற்பது ஆண்டுகளாகச் சங்கத்தில் அங்கத்தினராக இருப்பவர்.

“ஏனுங்க ஐயா, இந்தச் சங்கத்துக்குத் தலைவர் யாருன்னு கேட்டா, நாங்க ஓட்டுப் போட்டு வெச்ச ஆளுன்னு சொல்லுவேனுங்க. நாட்டுக்குத் தலைவர் இருக்கறாங்களே, அவங்களுக்கு நான் எப்ப ஓட்டுப் போட்டேன்னுதான் தெரியலீங்க” என்றார்.

அவருக்கு அருகில் அமர்ந்திருந்த இளம் விவசாயி ஒருவர் இன்னொரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டார். “நம்ம எம்.எல்.ஏ. போடற ஓட்டுக்கு மதிப்பு 176-ஆமுங்க. உத்தரப் பிரதேசத்து எம்.எல்.ஏ. போட்டா 208-ஆமுங்க. ஏனுங்க, நாம என்ன மட்டமா?”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஆயினும் இரண்டும் நகைத்துத் தள்ளிவிடக் கூடிய கேள்விகள் அல்ல. அன்று நான் கூறிய சுருக்கமான விடை எனக்கே திருப்தி அளிக்கவில்லை. ஆதலால் இப்பத்திரிகையின் வாயிலாக அவ்விருவருக்கும், அவர்களைப் போல் எண்ணும் ஏனைய அங்கத்தினர்களுக்கும் விளக்கம் கூற முற்படுகிறேன்.

சங்கத் தேர்தலும் நாட்டுத் தேர்தலும்

முதற்கண் பெரியவரின் சொல்லில் ஒரு சிறு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. சங்கத் தலைவருக்கும் அவர் நேராக ஓட்டுப் போடவில்லை. அங்கத்தினர்கள் கூடி நிர்வாகக் குழுவினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அக்குழுவினர் தம்முள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்துகொள்கிறார்கள். இவ்வாறிருந்தும் “நாங்கள் வைத்த தலைவர்” என்று அவர் உரிமையோடு சொல்கிறார். அது முற்றிலும் சரியே. நாம் தேர்ந்தவர்கள் தேர்ந்தெடுத்தவர் நாம் தேர்ந்தவரே ஆவார்.

குடியரசுத் தலைவரின் தேர்தலும் ஏறக்குறைய இம்முறையைச் சார்ந்ததே. குடிமக்கள் சட்டசபைக்கும் லோக் சபைக்கும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கின்றனர். அப்பிரதிநிதிகள் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். துடியலூர் வாக்காளர் கவுண்டம்பாளையம் சட்டசபைத் தொகுதிக்கும் கோயமுத்தூர் லோக் சபைத் தொகுதிக்கும் ஓட்டளிக்கும்போது, தமக்குத் தெரியாமலேயே குடியரசுத் தலைவர் தேர்தலுக்கும் ஓர் இழை நூற்று வைக்கிறார் என்று கொள்ளலாம்.

மக்களே நேரில் தேர்ந்தெடுத்தால் என்ன?

இக்கேள்வி புதியதன்று. அரசியல் நிர்ணய சபையிலேயே இதுபற்றி விவாதம் நடந்தது. அச்சபையில் நம் கொங்கு நாட்டின் குரலும் இருந்தது. கோயமுத்தூர்க் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான தி. அ. இராமலிங்கஞ் செட்டியார், பிற்காலத்தில் மத்திய உணவு மந்திரியாக விளங்கிய சி. சுப்பிரமணியம், திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. எம். காளியண்ணன் ஆகியோர் அதன் அங்கத்தினர்கள்.

வயது வந்தோர் அனைவரும் நேராக ஓட்டளித்தே குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பொருளாதார அறிஞர் கே. டி. ஷா அச்சபையில் வாதாடினார். ஜவஹர்லால் நேரு முதலியோர் அதற்கு உடன்படவில்லை. நம் நாட்டில் ஆட்சிப் பொறுப்பு மந்திரி சபையிடம் உள்ளது. அம்மந்திரி சபை லோக் சபைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. அவ்வாறிருக்க, நாடு முழுவதிலும் கோடிக்கணக்கான ஓட்டுகளை நேரே பெற்று வரும் ஒருவரைத் தலைமைப் பீடத்தில் அமர்த்திவிட்டு, “மந்திரிகளின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும்” என்று அவரைக் கட்டுப்படுத்துவது முறையாகுமா? ஒரே வண்டியில் இரண்டு சாரதிகளை அமர்த்தியது போலாகும் என்பதே அவர்களுடைய கருத்தின் சாரம். அன்றியும், இத்துணைப் பெரிய தேர்தலுக்கு ஆகும் செலவும் உழைப்பும் வேறு.

நம் அண்டை நாடான இலங்கையை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் காரணம் இன்னும் தெளிவாகும். அங்கு ஆட்சி அதிகாரம் ஜனாதிபதியின் கையிலேயே இருக்கிறது. ஆகவே 1982 முதல் மக்களே அவரை நேராகத் தேர்ந்தெடுத்து வருகின்றனர். அதிகாரம் எவரிடம் உள்ளதோ அவரை மக்கள் நேரில் சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது பொருத்தமே. இங்கோ அதிகாரம் மந்திரி சபையிடம் இருப்பதால், அதனைத் தாங்கும் லோக் சபையை மக்கள் நேராகவும், குடியரசுத் தலைவரைப் பிரதிநிதிகள் வழியாகவும் தேர்ந்தெடுக்கின்றனர்.

கே. டி. ஷாவின் கருத்து ஏற்கப்படவில்லையாயினும் அவர் ஒதுங்கிவிடவில்லை. 1952-ல் நடந்த முதல் தேர்தலில், தாம் எதிர்த்த அதே முறையின்கீழ் இராஜேந்திர பிரசாத்தை எதிர்த்துப் போட்டியிட்டார். இராஜேந்திர பிரசாத்துக்கு 5,07,400-ம், ஷாவுக்கு 92,827-ம் ஓட்டு மதிப்பாகக் கிடைத்தன.

ஓட்டுப் போடுவோர் யார்?

லோக் சபை, ராஜ்ய சபை ஆகிய இரண்டின் தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர்களும், மாநிலச் சட்டசபைகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர்களும் ஓட்டளிக்கும் உரிமை பெற்றவர்கள். டில்லி, புதுச்சேரி ஆகியவற்றின் சட்டசபைகளும் 1992-ல் செய்யப்பட்ட 70-ஆம் திருத்தத்தால் இவ்வரிசையில் சேர்ந்தன. “தேர்ந்தெடுக்கப்பட்ட” என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். ராஜ்ய சபையில் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படும் 12 பேருக்கு இதில் ஓட்டில்லை. தம்மை நியமித்தவரைத் தாமே தேர்ந்தெடுக்கும் நிலை ஏற்படலாகாதன்றோ? மேல்சபை உள்ள மாநிலங்களில் அச்சபையினருக்கும் ஓட்டில்லை.

போட்டியிட விரும்புவோர் இந்தியக் குடிமகனாகவும், 35 வயது நிறைந்தவராகவும், லோக் சபைக்குப் போட்டியிடும் தகுதியுடையவராகவும் இருத்தல் வேண்டும். அரசாங்கத்தில் ஊதியம் தரும் பதவி வகிக்கலாகாது. ஓட்டுரிமை உள்ளவர்களில் 50 பேர் முன்மொழியவும், வேறு 50 பேர் வழிமொழியவும் வேண்டும். 15,000 ரூபாய் டெபாசிட்டும் கட்ட வேண்டும். விளையாட்டாக மனுத் தாக்கல் செய்வோரைத் தடுப்பதற்கென்றே 1997-ல் இவ்வெண்ணிக்கைகள் உயர்த்தப்பட்டன.

ஓட்டின் மதிப்புக் கணக்கு

இனி அந்த இளம் விவசாயியின் கேள்விக்கு வருவோம். நம் சங்கத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஓர் ஓட்டு. நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஓர் ஓட்டு. பணத்திற்கன்று, ஆளுக்கே மதிப்பு என்பது கூட்டுறவின் உயிர்நாடி. அவ்வாறாயின் ஒரு சட்டசபை அங்கத்தினரின் ஓட்டு 176 என்றும், மற்றொருவரின் ஓட்டு 208 என்றும் வேறுபடுவது எப்படி நியாயமாகும்?

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 900 அங்கத்தினர் உள்ள நெசவாளர் சங்கம் ஒன்று. 2,400 அங்கத்தினர் உள்ள விவசாயிகள் சங்கம் ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரு பொதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெசவாளர் சங்கம் 9 பிரதிநிதிகளையும், விவசாயிகள் சங்கம் 12 பிரதிநிதிகளையும் அனுப்புகின்றன. ஆளுக்கு ஓர் ஓட்டு என்று எண்ணினால், 100 நெசவாளருக்கு ஓர் ஓட்டும், 200 விவசாயிகளுக்கு ஓர் ஓட்டும் ஆகிவிடும். ஒரு விவசாயியின் மதிப்பு ஒரு நெசவாளரின் மதிப்பில் பாதி என்றாகும். இதனைச் சரிசெய்ய வழி யாது? ஒவ்வொரு பிரதிநிதியின் ஓட்டுக்கும் அவருக்குப் பின்னே நிற்கும் ஆட்களின் எண்ணிக்கையையே மதிப்பாக வைத்தல் வேண்டும். நெசவாளர் பிரதிநிதியின் ஓட்டுக்கு 100. விவசாயிகள் பிரதிநிதியின் ஓட்டுக்கு 200. இப்போது 900 பேருக்கு 900, 2,400 பேருக்கு 2,400 என்று தராசு நேராகிவிடுகிறது.

அரசியல் சட்டத்தின் 55-ஆம் பிரிவு செய்வது இதுவே. ஒரு மாநிலத்தின் ஜனத்தொகையை அதன் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபை அங்கத்தினர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வந்த ஈவில் எத்தனை ஆயிரம் இருக்கிறதோ அதுவே ஓர் ஓட்டின் மதிப்பு. மீதி 500-க்குக் குறையாமல் இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். இதற்கு 1971-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கே இதுவரை அடிப்படையாக இருந்துவந்திருக்கிறது.

தமிழ்நாட்டின் 1971-ஆம் ஆண்டு ஜனத்தொகை 4,11,99,168. சட்டசபை அங்கத்தினர் 234 பேர். வகுத்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 1,76,065 பேர் வருகிறார்கள். ஆயிரங்கள் 176, மீதி 65. ஆகவே மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்தின் இன்றைய எல்லைக்குள் அன்று இருந்தவர்கள் 8,38,49,905 பேர். அங்கத்தினர் 403 பேர். ஒருவருக்கு 2,08,064 பேர். ஆகவே 208. சிக்கிமில் ஜனத்தொகை 2,09,843. அங்கத்தினர் 32 பேர். ஒருவருக்கு ஏறத்தாழ 6,557 பேர். ஆயிரங்கள் 6, மீதி 500-க்கு மேல். ஆகவே 7. புதுச்சேரி அங்கத்தினரின் ஓட்டுக்கு மதிப்பு 16. தூரத்து ஜார்க்கண்டு அங்கத்தினருக்கோ நமக்குள்ள அதே 176.

எனவே 176 என்பது நம் சட்டசபை அங்கத்தினருக்குக் கொடுத்த மரியாதையின் அளவன்று. 208 என்பது அவருக்குக் கொடுத்த மரியாதையின் அளவும் அன்று. நம்மவருக்குப் பின்னே 1,76,000 பேரும், அவருக்குப் பின்னே 2,08,000 பேரும் நின்றார்கள் என்பதே அதன் பொருள். இரண்டு இடத்திலும் ஆயிரம் பேருக்கு ஒன்று என்னும் அளவு மாறவில்லை. சங்கத்தில் உள்ள “ஆளுக்கு ஓர் ஓட்டு” என்னும் தருமமே இங்கு வேறு உருவில் காக்கப்படுகிறது.

பார்லிமெண்டு அங்கத்தினரின் ஓட்டு

எல்லா மாநிலச் சட்டசபைகளின் ஓட்டு மதிப்பையும் கூட்டி, அக்கூட்டுத்தொகையைப் பார்லிமெண்டின் தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பார்லிமெண்டு அங்கத்தினரின் ஓட்டு மதிப்பு கிடைக்கும். 2022-ஆம் ஆண்டுத் தேர்தலில் சட்டசபைகளின் மொத்த மதிப்பு 5,43,231. லோக் சபைக்கு 543, ராஜ்ய சபைக்கு 233, ஆக 776 பேர். வகுத்ததில் ஒருவருக்கு 700 வந்தது. 776 பேருக்கும் சேர்த்து 5,43,200. ஒரு தட்டில் மாநிலங்களின் 5,43,231. மறு தட்டில் பார்லிமெண்டின் 5,43,200. வேறுபாடு 31 மட்டுமே. மாநிலங்களும் மத்திய சபையும் சம எடையோடு நின்று தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் நோக்கம்.

2017-ல் பார்லிமெண்டு ஓட்டின் மதிப்பு 708-ஆக இருந்தது. 2022-ல் ஜம்மு காஷ்மீரில் சட்டசபை இல்லாமையால் அதன் 6,264 மதிப்பு மாநிலத் தட்டிலிருந்து குறைந்தது. அதற்கேற்ப மறு தட்டும் குறைக்கப்பட்டு 700 ஆயிற்று. ஒரு சட்டசபை கலைந்திருப்பதைக் காரணம் காட்டித் தேர்தலை ஒத்திவைக்க முடியாது. 1974-ல் குஜராத் சட்டசபை கலைக்கப்பட்டிருந்தபோது சுப்ரீம் கோர்ட்டு இவ்வாறே கருத்துரைத்தது.

தமிழ்நாட்டின் எடை எவ்வளவு? சட்டசபையில் 234 பேருக்கு 176 வீதம் 41,184. லோக் சபையில் 39, ராஜ்ய சபையில் 18, ஆக 57 பேருக்கு 700 வீதம் 39,900. மொத்தம் 81,084. நாடு முழுவதற்கும் 10,86,431. நூற்றுக்கு ஏறத்தாழ ஏழரை நம்முடையது.

முதல் விருப்பும் இரண்டாம் விருப்பும்

இத்தேர்தலில் முத்திரை குத்துவதில்லை. வேட்பாளர் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். 1 என்னும் எண் கட்டாயம். மற்றவை அவரவர் விருப்பம். எண்ணை எழுத்தால் எழுதினால் செல்லாது. இலக்கத்தால்தான் எழுத வேண்டும். அந்த இலக்கம் நம் தமிழ் இலக்கமாக இருப்பினும் செல்லும். பார்லிமெண்டு அங்கத்தினருக்குப் பச்சை நிறச் சீட்டு, சட்டசபை அங்கத்தினருக்கு இளஞ்சிவப்பு நிறச் சீட்டு. ஓட்டு இரகசியமானது, கட்சிக் கொறடாவின் கட்டளை இதில் செல்லாது.

வெற்றி பெறுவதற்கு, செல்லத்தக்க ஓட்டுகளின் மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் பெற்றாக வேண்டும். மூவர் போட்டியிட்டு, நூற்றில் ஒருவர் 42-ம், மற்றொருவர் 35-ம், மூன்றாமவர் 23-ம் பெற்றதாகக் கொள்வோம். சாதாரணத் தேர்தலில் 42 பெற்றவர் வென்றுவிடுவார். அவரை விரும்பாதவர் 58 பேர் இருப்பதை எவரும் கேட்பதில்லை. இங்கோ எவரும் 51-ஐ எட்டாமையால், கடைசியில் நிற்பவர் விலக்கப்படுகிறார். அவருக்கு ஓட்டளித்த 23 பேரும் இரண்டாவதாக யாரைக் குறித்துள்ளனர் என்று பார்த்து அவ்வோட்டுகள் மாற்றப்படுகின்றன. அவற்றுள் 17 ஓட்டு 35 பெற்றவருக்குச் சென்றால் அவர் 52 பெற்று வென்றுவிடுவார். பலருக்கு முதல் விருப்பாக இல்லாவிடினும், பெரும்பாலோர் ஏற்கக் கூடியவரே தலைவராதல் வேண்டும் என்பது இதன் கருத்து.

1969-ஆம் ஆண்டுத் தேர்தல்

1952 முதல் 2022 வரை நடந்த 16 தேர்தல்களில், இரண்டாம் விருப்பு வரை எண்ண நேர்ந்தது ஒரே ஒருமுறைதான். 1969 மே மாதம் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். அவ்வாண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி தேர்தல் நடந்தது. காங்கிரஸ் வேட்பாளராக நீலம் சஞ்சீவ ரெட்டியும், சுயேச்சையாகத் தொழிலாளர் தலைவர் வி. வி. கிரியும், சுதந்திரா, ஜனசங்கக் கட்சிகளின் ஆதரவோடு சி. டி. தேஷ்முக்கும் முக்கிய வேட்பாளர்களாக நின்றனர். மனச்சாட்சிப்படி ஓட்டளிக்கலாம் என்று பிரதமர் இந்திரா காந்தி கூறியது அக்கட்சிக்குள் பெரும் புயலைக் கிளப்பியது.

செல்லத்தக்க ஓட்டுகளின் மொத்த மதிப்பு 8,36,337. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. முதல் விருப்பில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. எவரும் எல்லையைத் தொடவில்லை. கடைசியிலிருந்து ஒவ்வொருவராக விலக்கி, அவர்களுடைய ஓட்டுகளை அடுத்த விருப்பின்படி பிரித்துக்கொண்டே வந்தனர். தேஷ்முக்கும் விலக்கப்பட்ட பின் ரெட்டிக்கு 91,879 கூடிற்று. கிரிக்குக் கூடியது 18,562 மட்டுமே. ஆயினும் இறுதியில் கிரிக்கு 4,20,077-ம், ரெட்டிக்கு 4,05,427-ம் ஆக, கிரியே வென்றார். வேண்டிய எல்லைக்கு மேல் அவர் பெற்றது 1,908 தான். அன்று ஒரு பார்லிமெண்டு ஓட்டின் மதிப்பு 576. கணக்குப் பார்த்தால் அது மூன்று அங்கத்தினரின் ஓட்டைச் சற்றே விஞ்சியதாகும். ஒரு நாட்டின் தலைமை அவ்வளவு நுண்ணிய இழையில் நின்றது. அன்று தோற்ற சஞ்சீவ ரெட்டி 1977-ல் போட்டியின்றியே குடியரசுத் தலைவரானார்.

ஒவ்வோர் ஓட்டும் இவ்வளவு அருமையானது என்று அறிந்தும் பிழை செய்வோர் உண்டு. 2022-ஆம் ஆண்டுத் தேர்தலில் திரௌபதி முர்மு 6,76,803-ம், யஷ்வந்த் சின்கா 3,80,177-ம் பெற்றனர். அதில் 53 ஓட்டுகள் செல்லாதவையாயின. சட்டம் இயற்றுவோரே ஓட்டுச் சீட்டில் தவறுவார்களாயின், நம் சங்கத் தேர்தலில் சீட்டை இருமுறை பார்த்துக் குறிப்பது எவ்வளவு அவசியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

துணைக் குடியரசுத் தலைவர் தேர்தல் வேறு

2025 செப்டம்பரில் திருப்பூரைச் சேர்ந்த சி. பி. இராதாகிருஷ்ணன் துணைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, “நம் எம்.எல்.ஏ.க்கள் எவ்வளவு மதிப்பு ஓட்டளித்தனர்?” என்று சிலர் என்னைக் கேட்டனர். 1998-லும் 1999-லும் கோயமுத்தூரிலிருந்து லோக் சபைக்குச் சென்றவர் அவர். ஆகவே அந்த ஆவல் இயல்பானதே. ஆனால் அத்தேர்தலில் சட்டசபை அங்கத்தினர்களுக்கு ஓட்டே இல்லை. பார்லிமெண்டின் இரு சபையினரும், நியமன அங்கத்தினர் உட்பட, ஆளுக்கு ஓர் ஓட்டாக அளிக்கின்றனர். அவர் பெற்றது 452; எதிர்த்து நின்ற சுதர்சன் ரெட்டி பெற்றது 300. துணைத் தலைவரின் முக்கியமான நித்தியக் கடமை ராஜ்ய சபையை நடத்துவது. ஆகவே பார்லிமெண்டு அளவோடு அத்தேர்தல் நின்றுவிடுகிறது. குடியரசுத் தலைவரோ மாநிலங்கள் அனைத்திற்கும் உரியவர். ஆகவே மாநிலங்களும் அவர் தேர்தலில் கலந்துகொள்கின்றன.

1971-ஆம் ஆண்டுக் கணக்கு ஏன்?

இனி, அங்கத்தினர்கள் கவனத்துடன் சிந்திக்க வேண்டிய விஷயத்திற்கு வருகிறேன். ஜனத்தொகைக் கணக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படுவதாயிருக்க, 1971-ஆம் ஆண்டுக் கணக்கையே இத்தனை காலம் பிடித்துக்கொண்டிருப்பது ஏன்?

தொடக்கத்தில் அவ்வப்போதைய கடைசிக் கணக்கையே கொள்ள வேண்டும் என்றுதான் அரசியல் சட்டம் கூறியது. குடும்பக் கட்டுப்பாடு நாட்டின் கொள்கையாக வலியுறுத்தப்பட்ட காலத்தில், அதனை ஏற்று நடக்கும் மாநிலங்களுக்கு ஜனத்தொகை வளர்ச்சி குறையும். அதனால் அவற்றின் ஓட்டும் ஸ்தானங்களும் குறையும் என்ற அச்சம் எழுந்தது. ஆகவே 1976-ல் செய்யப்பட்ட 42-ஆம் திருத்தம், 2000-ஆம் ஆண்டுக்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கு வெளியாகும் வரை 1971-ஆம் ஆண்டு எண்ணிக்கையே செல்லும் என்று நிறுத்தி வைத்தது. 2001-ஆம் ஆண்டின் 84-ஆம் திருத்தம் அதனை 2026-ஆம் ஆண்டுக்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கு வரை நீட்டியது.

2011-ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டு வகுத்துப் பார்த்தேன். தமிழ்நாட்டின் ஜனத்தொகை 7,21,47,030. ஓர் ஓட்டின் மதிப்பு 308 ஆகும். உத்தரப் பிரதேசத்தின் ஜனத்தொகை 19,98,12,341. மதிப்பு 496 ஆகும். 176-க்கும் 208-க்கும் உள்ள வித்தியாசம் சிறியது. 308-க்கும் 496-க்கும் உள்ள வித்தியாசம் பெரியது. சட்டசபைகளின் மொத்த மதிப்பில் இப்போது நூற்றுக்கு ஏழரைக்குச் சற்று மேலாக உள்ள நம் பங்கு ஏறத்தாழ ஆறாகக் குறையும்.

இதனை மறுபுறத்திலிருந்தும் பார்க்க வேண்டும். 2011-ஆம் ஆண்டு ஜனங்களை 1971-ஆம் ஆண்டு மதிப்பால் வகுத்தால், தமிழ்நாட்டில் ஏறக்குறைய 1,752 பேருக்கு ஒரு மதிப்பும், உத்தரப் பிரதேசத்தில் 2,384 பேருக்கு ஒரு மதிப்பும் வருகின்றன. “நாம என்ன மட்டமா?” என்று கேட்ட இளைஞருக்கு உண்மையான விடை இதுவே: மட்டமில்லை, இன்றைய தலைகளை எண்ணினால் நம் பக்கத் தட்டே சற்றுத் தாழ்ந்து நிற்கிறது.

இது நியாயமா என்று கேட்டால், இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. தவணை தவறாமல் கடனைச் செலுத்திய அங்கத்தினரைப் பார்த்து, “நீ ஒழுங்காகக் கட்டிவிட்டாய், ஆகவே அடுத்த ஆண்டு உன் கடன் வரம்பைக் குறைக்கிறோம்” என்று ஒரு சங்கம் கூறுமானால், அடுத்த ஆண்டு யார்தான் தவணையில் கட்டுவார்கள்? நாட்டின் வேண்டுகோளை ஏற்று நடந்த மாநிலங்கள் கேட்பது இதுவே. அதற்கு மறுப்பும் உண்டு. “1971-க்குப் பின் பிறந்த அங்கத்தினர் அங்கத்தினர் இல்லையா? ஐம்பது ஆண்டுப் பழைய அங்கத்தினர் பட்டியலை வைத்துக்கொண்டு எந்தச் சங்கமாவது தேர்தல் நடத்துமா?” என்று மற்ற மாநிலத்தார் கேட்டால் அதனையும் தள்ளிவிட முடியாது. ஆயிரம் பேருக்கு ஒன்று என்னும் சமத்துவமும், சொன்ன சொல்லைக் காத்தவனுக்கு நஷ்டம் வரலாகாது என்னும் தருமமும் இங்கே எதிரெதிரே நிற்கின்றன.

இவ்விரண்டையும் எவ்வாறு இசைவிப்பது என்பதைத் தீர்மானிப்போர் நம் பிரதிநிதிகள். அதனைப் பற்றி அவர்களைக் கேட்க வேண்டியவர்கள் நாம். கணக்குத் தெரியாதவன் கேட்கும் கேள்வி கூச்சலாக முடியும். கணக்குத் தெரிந்தவன் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லியே ஆக வேண்டும். மகாசபையில் எத்தனையோ முறை கண்ட உண்மை இது.

பெரியவருக்கு விடை

இனி அப்பெரியவருக்கு. ஐயா, சட்டசபைத் தேர்தலன்று நீங்கள் வரிசையில் நின்று போட்ட ஒரே ஓட்டு மூன்று காரியங்களைச் செய்கிறது. மாநிலத்தின் ஆட்சியை அமைக்கிறது. நீங்கள் தேர்ந்த அங்கத்தினர் ராஜ்ய சபைக்கு ஓட்டளிப்பதன் மூலம் அச்சபையை நிரப்புகிறது. அதே அங்கத்தினர் 176 மதிப்புள்ள சீட்டில் எண்ணை எழுதும்போது குடியரசுத் தலைவரையும் தேர்ந்தெடுக்கிறது. லோக் சபைத் தேர்தலில் நீங்கள் போடும் ஓட்டு 700 போன்ற ஒரு மதிப்பில் சென்று சேர்கிறது. 2022 ஜூலை 25-ஆம் தேதி தொடங்கிய குடியரசுத் தலைவரின் ஐந்தாண்டுக் காலம் 2027 ஜூலையில் நிறைவுறும். அப்போதைய தேர்தலிலும் உங்கள் ஓட்டு இருக்கும். நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள், அவ்வளவே.

தறியில் பாவு ஓட்டும்போது ஒவ்வோர் இழையையும் வாங்குவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் ஓர் இழை அறுந்தால் சேலையில் கோடு விழும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆதலால் அடுத்த சட்டசபைத் தேர்தலன்று, “இதில் என்ன ஆகப்போகிறது?” என்று வீட்டில் இருந்துவிடாமல், அங்கத்தினர் அனைவரும் ஓட்டுச் சாவடிக்குச் செல்ல வேண்டும் என்றும், சென்ற பின் தாம் தேர்ந்தவர் அந்த 176-ஐ எவ்வாறு பயன்படுத்துகிறார் என்று கேட்கவும் தயங்கக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன்.